செக்காரன் எழுதாத ஏழாவது ஆள்

அண்ணை,

மூன்று கிழமையாக எங்கள் குசினி மேசையில் ஒரு நாடக நிகழ்ச்சித் தாள் கிடக்கிறது. தேத்தண்ணிக் கோப்பை வைத்து வைத்து அதன் முகப்பில் வட்டம் வட்டமாகக் கறை. என் மனிசி இரண்டு தரம் குப்பையில் போட்டுவிட்டா. இரண்டு தரமும் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். உள்ளே இரண்டாம் பக்கத்தில் நாடகத்தில் வரும் பாத்திரங்களின் பட்டியல் இருக்கிறது. வேலைக்குப் போக முதல் ஒருக்கா, வந்த பிறகு ஒருக்கா எண்ணிப் பார்க்கிறேன். எப்படி எண்ணினாலும் ஆறு பேர்தான். நீங்கள் எனக்கு ஏழு பேர் என்று சொன்னீர்கள்.

"செத்த மனிசனோட சண்டை பிடிச்சு என்ன காணப்போறீங்கள்?" என்று மனிசி கேட்கிறா. இது சண்டை இல்லை. எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. அதனால் எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று பிறகு யோசிப்பம்.

ரயில் நிலையப் படியேறும்போது சுவரில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். செக் நாட்டு நாடகம், தனித்துப்போன கிறுக்கர்களைப் பற்றிய பகிடி நாடகம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்ததும் நடுப்படியில் நின்றுவிட்டேன். உங்கள் கொப்பி மட்டையில் நீங்கள் எழுதி வைத்திருந்த அதே பெயர். பின்னால் வந்த சனம் என்னை இடித்துத் திட்டிக்கொண்டு போனது. அடுத்த சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போனேன். உங்களுக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். நான் நடித்த பாத்திரத்தை வெள்ளைக்காரன் எப்படி நடிக்கிறான் என்று பார்க்கத்தான் போனேன்.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் அறை எடுத்து இருந்தீர்கள். நான் அப்போதும் கிங்ஸ்பரியில்தான். எனக்குப் பாண் சுடும் பக்டரியில் ஷிப்ட். உங்களுக்கு ஒரு பப்பின் மேல்மாடியில் இருந்த சின்னத் தியேட்டரில் துப்புரவு வேலை. அறுபது கதிரை இருக்குமோ என்னவோ. "ஐசே, எங்கட ஊர்ச் சலூனில இதைவிடக் கூட ஆக்கள் இருப்பினம்" என்று அதைப் பற்றிச் சொல்லுவீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம். ஆனாலும் லண்டனில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நீங்கள் 'அண்ணை'தான். உங்கள் முழுப்பெயர் எனக்கே தெரிய நாலைந்து வருஷம் எடுத்தது.

தொண்ணூறுகள் தொடங்கிய கையோடு அந்தத் தியேட்டருக்குச் செக் நாடகம் வந்தது. மூன்று கிழமை ஓடியது. மத்தியானக் காட்சிக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் தும்புக்கட்டையோடு நின்று பார்க்க உங்களை விட்டார்கள். ஒரு காட்சி தவறவிடவில்லை நீங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால், சப்பாத்துக் கழற்றவும் விடாமல் கதை சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

பிராக் நகரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். லிப்ட் வேலை செய்யாது. அதில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மறை கழன்றிருக்கும். ட்ராமில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், படியேறும் ஆட்களுக்கு டிக்கற் கிழித்துக் கொடுப்பார். டிக்கற் இல்லாதவரை இரண்டாம் மாடியோடு இறக்கிவிடுவார். திருத்துகிறவன் வரவேண்டும் என்பதற்காகவே தன் வீட்டுக் குழாயைத் தானே கழற்றி வைக்கும் ஒரு பெண். வருஷத்தில் நாலு தரம் பிறந்தநாள் கொண்டாடும் ஒருவர். முப்பது வருஷமாகக் கதைக்காமல் ஒரே வீட்டில் இருக்கும் அக்கா, தங்கை. அவர்களின் சண்டையெல்லாம் கதவில் ஒட்டும் துண்டுக் கடுதாசியில் நடக்கும். ஆறாவது ஆள் அந்தக் குழாய் திருத்துகிறவன். அவன் ஒருவனுக்குத்தான் புத்தி சரி. அதனாலேயே எல்லோரும் அவனைப் பிடித்துக்கொள்வார்கள், பாவம்.

ஏழாவது ஆளைப் பற்றி நீங்கள் கடைசியாகத்தான் சொன்னீர்கள். அங்கே நாடகம் முடிந்து, தியேட்டரில் வேறு ஏதோ தொடங்கியிருந்தது. நான் வந்து கதிரையில் இருந்ததும், "ஐசே, ஒருத்தனைச் சொல்ல மறந்திட்டன்" என்றீர்கள்.

அவன் பாஸ்போட்டுக்காக வருஷக்கணக்காக ஒரு கந்தோரில் காத்திருந்தவன். ஆட்சி மாறி, பாஸ்போட் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தக் கந்தோருக்குப் போவான். ஏதாவது ஒரு படிவம் கேட்டு வாங்குவான். அதில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டுக் கொடுப்பான். அவர்கள் திருப்பித் தந்து, அடுத்த கிழமை வா என்பார்கள். நல்ல சந்தோஷமாக வீட்டுக்கு வருவான்.

"ஏன் அண்ணை போறான்? விசரோ?" என்று கேட்டேன்.

"அங்கை மட்டும்தான் ஐசே அவன்ர முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிடுகினம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இதைத் தமிழில் போடவேண்டும் என்று சொன்னது நான்தானே? நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாடகப் பிரதி எங்களிடம் இல்லை. நீங்கள் பார்த்ததை நினைவில் வைத்துக் கொப்பியில் எழுத, நான் அதை எங்கள் ஆட்கள் கதைக்கிற மாதிரி மாற்றினேன். பிராக் கட்டடம் ஃபாரஸ்ட் கேட்டில் அறை அறையாக வாடகைக்கு விட்ட ஒரு வீடானது. ட்ராம் கொண்டக்டர் யாழ்ப்பாணத்துப் பஸ் கொண்டக்டரானார். அக்கா தங்கையாக நடிக்க மேலும் இரண்டு பெண்கள் கிடைக்காததால் அவர்களைச் சகலைமாராக்கினோம். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றீர்கள். நாலு பிறந்தநாளை இரண்டாகக் குறைத்தபோதும் ஒன்றும் பறையவில்லை. ஆனால் அந்த ஏழாவது ஆளில் நான் கைவைத்த அன்றுதான் உங்களுக்குக் கோபம் வந்தது.

"அண்ணை, இவனை வெட்டுவம். நாடகம் நீளுது. அதோட ஆர் நம்புவினம்? விசா கிடைச்சவன் திரும்பியும் குரோய்டன் விசாக் கந்தோருக்குப் போய் வரிசையில நிப்பானே?"

"செக்காரன் எழுதினதை வெட்ட எங்களுக்கு என்ன உரிமை?" என்றீர்கள். குரல் மாறியிருந்தது. அக்கா தங்கையைச் சகலைமாராக்கிய மனிதர் உரிமையைப் பற்றிக் கதைக்கிறாரே என்று எனக்கு அப்போது ஏன் தோன்றவில்லை? இப்போது தோன்றி என்ன?

வெட்டவில்லை. என்னையே அவனாக நடிக்கவும் சொன்னீர்கள். பிராக் கந்தோர் எங்களுக்குக் குரோய்டனாகியது. எங்கள் சனத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் விடியக்காலைக் குளிரில் போய் நின்ற அந்தப் பெரிய கட்டடம். எனக்காக நீங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தீர்கள். கடுதாசிகள் அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ரப்பர் வளையம் போட்டிருந்தது. மடிப்பெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. நாடகத்துக்காக இவ்வளவு மினக்கெட்டிருக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஒத்திகையில் நான் காலை ஆட்டுவேன், கழுத்தை நீட்டிப் பார்ப்பேன், எழும்புவேன், இருப்பேன். நீங்கள் தலையாட்டுவீர்கள். "அவ்வளவு ஆடாதையும். அவன் சும்மா இருப்பான். அவனுக்கு அவசரமில்லை ஐசே. தன்ர முறை வந்திடுமோ எண்டுதான் பயம். முறை வந்தால் வீட்டை போகவேணுமெல்லே?"

விளங்கியது என்று சொன்னேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் எடுத்தோம். விளக்கேற்றி, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடிந்து, வடையும் தேத்தண்ணியும் குடித்த பிறகுதான் திரை விலகியது. கொண்டக்டருக்குச் சிரித்தார்கள். சகலைமாருக்குக் கைதட்டினார்கள். நான் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடையில் காலை வைத்ததும் மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "தம்பி, போட்டோ ரெண்டு கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு எனக்குக் கட்டுப்பாடு இல்லை. கழுத்தை நீட்டினேன், கதிரையோடு சேர்ந்து விழுந்தேன், படிவத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். நீங்கள் சொல்லித்தந்த ஒன்றையும் செய்யவில்லை. திரைக்குப் பக்கத்தில் கொப்பியோடு நின்ற உங்களை ஒருக்கா பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு.

முடிந்த பிறகு நான் முகத்தில் பூசியதைத் துடைத்துக்கொண்டிருக்க, வந்து தோளில் கைவைத்தீர்கள். "நல்லாச் செய்தனீர். ஆனால் அவன் அப்படி இல்லை."

எனக்குச் சுள்ளென்று வந்தது. முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள், இவருக்குத் திருப்தியில்லை. "நீங்கள் என்ன, அவனைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். கண்டனான்" என்றீர்கள்.

பப்பின் மேல்மாடியில் நடித்த வெள்ளைக்காரனைச் சொல்லுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது?

அன்றிலிருந்து என் பெயர் 'குரோய்டன்'. கலியாண வீடு, பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு எங்கே போனாலும், சாப்பாடு முடிந்ததும் "குரோய்டன், ஒருக்கா செய்து காட்டும்" என்பார்கள். நானும் மறுத்ததில்லை. வீட்டுக்காரரின் ஏதாவது ஒரு பையை வாங்கி நெஞ்சில் அணைத்தால் போதும், சின்னப்பிள்ளைகளும் சிரிக்கும். எத்தனை இடத்தில் செய்தேன் என்று கணக்கில்லை. அதில் எத்தனை இடத்தில் நீங்கள் இருந்தீர்கள் என்பதைத்தான் இப்போது யோசிக்கிறேன். அநேகமாக எல்லா இடத்திலும் இருந்தீர்கள். கதவுக்குப் பக்கத்தில், ஐஸ்கிரீம் கோப்பையோடு, காலை ஒடுக்கிக்கொண்டு. ஒரு நாள்கூட, போதும் ஐசே, விடும் என்று சொல்லவில்லை.

உங்களுக்கு ஊரில் ஆர் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம். கேட்டால் என்ன மறுமொழி வருமோ என்ற பயம். அவர்களாகச் சொன்னால் கேட்போம். நீங்களாகச் சொல்லவில்லை. ஒரு மாசி மாதத்தில் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தனியாக நடந்து போய்ப் படுத்தீர்கள். மூன்றாம் நாள் அங்கிருந்து எங்களுக்கு அறிவித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாங்கள் நாலைந்து பேர்தான் நின்று கடைசிக் கிரியை செய்தோம். முப்பத்தோராம் நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. உங்களைப் பற்றிக் கதைத்துக் கதைத்து, கடைசியில் கதை அந்த நாடகத்தில் வந்து நின்றது. "அண்ணைக்காக ஒருக்கா செய்யும் குரோய்டன்" என்று ஆரோ சொன்னார்கள்.

செய்தேன் அண்ணை. உங்கள் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கழுத்தை நீட்டி, விழுந்து எழும்பி எல்லாம் செய்தேன். நல்லாய்ச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் தனியாகப் போன அந்தச் சனிக்கிழமை தியேட்டரில் கொண்டக்டர் வந்தார். குழாய்ப் பெண் வந்தா. அக்கா தங்கை துண்டு ஒட்டினார்கள். உங்கள் நினைவு எவ்வளவு துல்லியம் என்று மெச்சினேன். இடைவேளை வரைக்கும் அந்த ஏழாவது ஆள் வரவில்லை. பிறகு வருவான் என்று இருந்தேன். கடைசியில் ஆறு பேரும் கைகோத்துக் குனிந்து கும்பிட்டபோதும் நான் மேடையின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நாடகப் புத்தகம் விற்ற பெண்ணிடம், ஏதும் வெட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு வரியும் வெட்டவில்லை, எழுதினது அப்படியே என்றா. புத்தகத்தையும் வாங்கினேன். ரயிலில் ஒருதரம், வீட்டில் இரண்டுதரம் வாசித்தேன். பாஸ்போட்டும் இல்லை, கந்தோரும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை.

பிறகு அந்தத் தேய்ந்த கடுதாசிப் பை நினைவுக்கு வர, தொலைபேசியை எடுத்து, உங்களைக் குரோய்டனில் கண்டார்களோ என்று தெரிந்த ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். கொண்டக்டராக நடித்தவர் சொன்னார்: "ஓம், அண்ணையைக் குரோய்டனில ரெண்டு மூண்டுதரம் கண்டனான். ஆரையோ கூட்டிக்கொண்டு வந்தவர் எண்டு நினைச்சன்." சகலைகளில் ஒருவரும் கண்டிருக்கிறார். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். ஈஸ்ட்ஹாமில் உள்ள ஒருவர், "என்னைக் கண்டிட்டுப் பேப்பரால முகத்தை மறைச்சவர். எனக்கு ஆகாத ஆரோடயோ வந்திருப்பார் எண்டு நானும் விட்டிட்டன்" என்றார். எல்லோரும் உங்களை அங்கே கண்டிருக்கிறார்கள். எல்லோரும் நீங்கள் வேறொருவரோடு வந்ததாக நினைத்திருக்கிறார்கள். அந்த வேறொருவரைத்தான் ஒருவரும் காணவில்லை.

சரி, அவன் நீங்கள்தான், விளங்கிவிட்டது என்று இருந்தால், நாலாவதாகக் கதைத்த ஒரு அக்கா குழப்பிவிட்டா. தனக்கு மொழிபெயர்க்க நீங்கள் இரண்டு தரம் கூட வந்தீர்களாம், இரண்டு பேருமாக இடியப்பம் கட்டிக்கொண்டு போனீர்களாம். அப்படியானால் நீங்கள் உதவிக்குத்தான் போனீர்களோ? போன இடத்தில் அப்படி ஒருவனைக் கண்டு, அவனைக் கதையாக்கினீர்களோ? 'கண்டனான்' என்றது அவனைத்தானோ? அல்லது முழுக்க முழுக்க உங்கள் கற்பனையோ? தும்புக்கட்டை பிடித்த மனிசனுக்குக் கற்பனை வரக்கூடாது என்று சட்டமா? உங்கள் பெயரைச் சொன்னால் நாங்கள் மதிக்கமாட்டோம் என்றா செக்காரனின் தலையில் கட்டினீர்கள்? ஒரு பதிலைப் பிடித்தால் மற்றது வழுக்குகிறது. பாண் அடுக்கும்போதும் இதே யோசனைதான். போன கிழமை இரண்டு தட்டைக் கீழே போட்டேன்.

எதுவாயிருந்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணை. அது நீங்களாக இருந்தால், நாலைந்து வருஷமாக உங்களை உங்களுக்கு முன்னாலேயே நையாண்டி பண்ணியிருக்கிறேன். அது நீங்கள் இல்லையென்றால், நான் உங்களை ஒருநாளும் ஒன்றும் கேட்காத ஆள் என்பது மட்டும் மிச்சம். இந்த வெட்கம் போகாது. போகவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பகிடி செய்து காட்டச் சொன்னால் இப்போது முழங்கால் நோகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை குரோய்டனுக்குப் போனேன். வேண்டுமென்று போகவில்லை. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை, கூட வரமுடியுமோ என்று கேட்டா. வரிசையில் நின்று உள்ளே போனோம். கொஞ்ச நேரத்தில் அவவைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க அங்கேயே ஆள் இருக்கு என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி, காலை ஆட்டாமல், சும்மா.

பக்கத்தில் ஒரு கதிரை விட்டு, எங்கள் ஆள் ஒருவர், எழுபது வயசிருக்கும். நடுக் கதிரையில் தன் பையை வைத்திருந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி ஆரோட வந்தனீர்?"

அந்தப் பிள்ளையோடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அண்ணையோட."

"எங்கை அவர்?"

சும்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இப்போதும் தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, நடுக் கதிரையில் இருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். "வந்து இருக்கட்டும்" என்றார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். அன்று சரியான சனம், நின்றவர்கள் பலர். ஒவ்வொருவராக வந்து வெறுமையாக இருந்த அந்த நடுக் கதிரையைக் காட்டிக் கேட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்திக்கு என் கதிரையைக் கொடுத்துவிட்டு நான் எழும்பிப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கதிரையைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மறுமொழிதான் சொன்னேன்.

"ஆள் இருக்கு."